அலாரம் அடிக்கும் சரி, சேதி போய்ச் சேருமா? நெட் வழியா அலாரம் போடப் போறவங்களுக்கு

கடைக்கோ குடோனுக்கோ அலாரம் போடணும்னு இறங்குறவங்க மொதல்ல கேக்குறது சைரன் எவ்ளோ சத்தமா அடிக்கும்னுதான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்ல தீபாவளிக்கு முந்தின வாரம் இருக்கிற இரைச்சல்ல எந்த சைரன் அடிச்சாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, மணலி பக்கம் குடோன்ல அடிச்சா கேக்குறதுக்கே ஆள் இருக்காது. அதனால சைரன் ரெண்டாவது விஷயம். சேதி சேர வேண்டியவங்க கைக்குப் போய்ச் சேருதா, நடுவுல யாரும் அதைப் படிக்கவோ மாத்தவோ முடியாம போகுதா, எல்லாத்துக்கும் மேல, சேதி போகவே வழி இல்லாம போச்சுன்னா அந்த விஷயமாவது உங்களுக்குத் தெரிய வருதா, இந்த மூணுதான் முக்கியம்.

இந்த வேலைக்குப் புதுசா வர்ற பசங்களுக்கும், ஆள் வெச்சுப் போட்டாலும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிற கடைக்காரங்களுக்கும் சேத்துதான் எழுதறேன். பேனல்னா அலாரத்தோட மெயின் பெட்டி. பேனலுக்குப் பேனல் மெனு பேரு மாறும், விஷயம் ஒண்ணுதான்.

மொதல்ல, சேதி எப்படிப் போகுது

கதவுல மேக்னட், ஷட்டர்ல சென்சார், உள்ள ஆள் நடமாட்டம் பாக்குற பிஐஆர், இதெல்லாம் பேனலுக்கு வந்து சேரும். பேனல்ல இருக்கிற கம்யூனிகேட்டர் அதை வெளிய அனுப்பும். அந்தப் பக்கம் வாங்கிக்க ஒரு ரிசீவர் இருக்கும், அது ஆள் வெச்சு அலாரத்தைக் கவனிக்கிற மானிட்டரிங் ஸ்டேஷனா இருக்கலாம், இல்ல பேனல் கம்பெனியோட க்ளவுட் சர்வரா இருக்கலாம். அங்கேர்ந்துதான் உங்க போனுக்கு நோட்டிஃபிகேஷன் வருது.

முன்னாடி இதெல்லாம் லேண்ட்லைன்ல போச்சு. பேனலே போன் பண்ணும், அந்தப் பக்கம் எடுத்ததும் நம்பரை டோன் டோனா அனுப்பும். கான்டாக்ட் ஐடின்னு அதுக்குப் பேரு. இன்னைக்கு நெட்ல போறதும் நிறைய இடத்துல அதே நம்பர்தான். ஒண்ணு எடுத்துப் பாருங்க:

1234 18 1 130 01 003

1234 உங்க அக்கவுண்ட் நம்பர். 18ன்னா இது கான்டாக்ட் ஐடி சேதின்னு அடையாளம். அடுத்து இருக்கிற 1, புதுசா நடந்திருக்குன்னு அர்த்தம், அதே இடத்துல 3 வந்தா சரியாயிடுச்சுன்னு அர்த்தம். 130 திருட்டு அலாரம். 01 பார்ட்டிஷன், அதாவது கடையைப் பிரிச்சு வெச்சதுல எந்தப் பகுதின்னு, 003 மூணாவது ஜோன், அதாவது பின்பக்க ஷட்டர்னு நீங்க பேர் வெச்சது. கடைசியில சரிபாக்குறதுக்கு ஒரு எண் சேரும், அதை இங்க போடல. இதே மாதிரி 110 தீ, 301 கரண்ட் போச்சு, 302 பேட்டரி இறங்கிடுச்சு, 602 வழக்கமான டெஸ்ட். காசிமேட்டுல மீன் வெக்கிற கோல்ட் ரூமுக்குப் போடுறவங்க 152ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, அது குளிர் மெஷின் கோளாறு, அவங்களுக்குத் திருடனை விட அதுதான் பெரிய நஷ்டம்.

அந்த வரியில ரகசியம்னு எதுவுமே இல்ல பாருங்க. அப்படியே நெட்ல விட்டா வழியில இருக்கிறவன் படிக்கலாம், படிச்சாக்கூட பரவால்ல, 1234 பேர்ல எல்லாம் நல்லா இருக்குன்னு அவனே ஒரு பொய்ச் சேதி அனுப்பலாம். லேண்ட்லைன்னா ஒயர் எங்க இருக்குன்னு தேடி தெருவுக்கு வரணும். நெட்ல அந்தத் தொல்லை கூட கிடையாது.

இன்னொண்ணு, பழைய டயலர் பேனலை ஃபைபர் கனெக்ஷனோட வர்ற போன் ஜாக்ல சொருகி ஓட்டிக்கலாம்னு பாக்காதீங்க. அந்த போனே இன்டர்நெட்லதான் போகுது, பேச்சுக்காக சத்தத்தைச் சுருக்கி அனுப்பும்போது டோன் சிதைஞ்சிடும், ஒரு நாள் போகும், ஒரு நாள் போகாது. எப்போ போகாதுன்னு சொல்ல முடியாத அலாரத்தை நம்பி ஊருக்குப் போக முடியுமா?

ஸ்டெப் 1: ரூட்டர்ல கை வைங்க

பேனலைத் தொடுறதுக்கு முன்னாடி ரூட்டர். கேபிள்காரரோ ப்ராட்பேண்ட் ஆளோ வெச்சுட்டுப் போன பாஸ்வேர்டு இன்னும் அப்படியே இருக்கும், பாதி இடத்துல அட்மின், அட்மின்தான். அதை மாத்துங்க. வைஃபை பாஸ்வேர்டு வேற, ரூட்டர் உள்ள நுழையிற பாஸ்வேர்டு வேற, ரெண்டும் மாறணும். ஃபர்ம்வேர், அதாவது ரூட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர், அதுக்கு அப்டேட் இருந்தா போடுங்க. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் உலகத்தையே ஆட்டுச்சு, அது பெரிய மூளையெல்லாம் செலவு பண்ணல, கம்பெனி வெச்ச பாஸ்வேர்டு ஒரு அறுபதை ஒட்டி கைல வெச்சுக்கிட்டு கேமரா, அதைப் பதிவு பண்ற டிவிஆர், ரூட்டர்னு ஒவ்வொண்ணுலயா போட்டுப் பாத்து உள்ள பூந்துச்சு, அவ்ளோதான்.

அடுத்து யூபிஎன்பி. இதை ஆஃப் பண்ணிடுங்க. உள்ள இருக்கிற எந்தப் பொருளும் உங்களைக் கேக்காமலே வெளியேர்ந்து உள்ள வர ரூட்டர்ல கதவு தொறந்து விடச் சொல்ற வசதி இது.

போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியேர்ந்து உள்ள வர ரூட்டர்ல நாமளே ஒரு வழி தொறந்து வெக்கிறது, அதைப் பத்தி அழுத்தியே சொல்றேன், ஏன்னா டிவிஆர் வேலை பாத்துட்டு அலாரம் பக்கம் வர்ற பசங்க கை தானா அங்கதான் போகுது. அலாரம் பேனலுக்கு அது தேவையே இல்ல. பேனல்தான் வெளிய இருக்கிற சர்வரைக் கூப்பிடுது, வெளியேர்ந்து யாரும் பேனலைக் கூப்பிட வேண்டியதில்ல. உங்க கனெக்ஷனுக்குத் தனி பப்ளிக் ஐபி (நெட்ல உங்களுக்குன்னு ஒரு விலாசம்) இல்ல, ஆபரேட்டர் ஒரே ஐபியை நிறைய வீட்டுக்குப் பிரிச்சுக் குடுத்திருக்காருன்னாலும் கவலை இல்ல, வெளிய போற சேதி போகும். போர்ட் தொறந்தாதான் ஓடும்னு ஒரு பேனல் அடம் பிடிச்சா அந்தப் பேனலை வாங்காதீங்க.

டிவிஆரும், பில் போடுற கம்ப்யூட்டரும், வேலை பாக்குற பசங்க போனும், பேனலும் ஒரே நெட்வொர்க்ல இருக்கக் கூடாது. ஒரே ரூட்டரைத் தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிற விஎல்ஏஎன் வசதி இருந்தா பேனலுக்குத் தனியா ஒண்ணு போடுங்க. இல்லைன்னா குறைஞ்சபட்சம் கடைக்கு வர்றவங்களுக்கும் பசங்களுக்கும் கெஸ்ட் வைஃபையைக் குடுத்துட்டு மெயின் பாஸ்வேர்டை உங்களோட வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: ஒயரா வைஃபையா

ஒயர். முடிஞ்ச வரைக்கும் ஒயர்தான். வைஃபையைத் துண்டிச்சு விடுற சின்ன பொருளெல்லாம் சல்லிசா கிடைக்குது, பாஸ்வேர்டே தெரியாம கனெக்ஷனை அறுத்து விடலாம். வைஃபைதான் வழின்னா பேனலும் ரூட்டரும் டபிள்யூபிஏ3ங்கிற புது வைஃபை பாதுகாப்பு முறையைத் தாங்குமான்னு பாருங்க, அதுல இந்த அறுக்குற வேலைக்கு ஒரு தடுப்பு இருக்கு, ஆனா அலைவரிசையையே மூடுற ஜாமருக்கு அதுவும் பதில் இல்ல. ஒயர் இழுக்கும்போது ஷட்டர் பக்கம் வெளிய தெரியுற மாதிரி கொண்டு வராதீங்க. காசிமேடு, திருவொற்றியூர்னு கடலோரமா இருக்கிற கடைன்னா டெர்மினல் ஸ்க்ரூவெல்லாம் சீக்கிரமே பச்சை பூத்துடும், உப்புக் காத்து சும்மா விடாது, பெட்டி மூடி நல்லா உக்காருதான்னு பாருங்க.

ஸ்டெப் 3: சேதியைப் பூட்டு போட்டு அனுப்புங்க

மானிட்டரிங் ஸ்டேஷனுக்கு அனுப்புறீங்கன்னா பெரும்பாலும் எஸ்ஐஏ டிசி-09ன்னு ஒரு முறையில போகும். மேல பாத்த அந்த நம்பர் வரியை ஒரு கவர்ல போட்டு ஐபி வழியா அனுப்புற முறை. இதுல என்க்ரிப்ஷன், அதாவது கீ இல்லாதவன் படிக்க முடியாதபடி சேதியை மாத்தி அனுப்புறது, இருக்கு, ஆனா கட்டாயம் கிடையாது, அதான் வம்பே. நிறைய பேனல்ல ஆஃப்லயே இருக்கும், யாரும் ஆன் பண்றதில்ல, ஏன்னா ஆஃப்லயே சேதி போகுதே. ரிசீவர்ல பதிவாகுற லிஸ்ட்ல சேதியோட வகைப் பேருக்கு முன்னாடி ஒரு நட்சத்திரக் குறி இருந்தா என்க்ரிப்ட் ஆகி வருது, வெறும் பேரு மட்டும்னா மொட்டையா வருது. போட்ட அன்னிக்கே ஸ்டேஷன்காரங்களுக்குப் போன் பண்ணி ஸ்டார் வருதான்னு கேளுங்க, பெரிய கேள்வி இல்ல, ஆனா வேலை தெரிஞ்ச ஆள்னு அவங்களும் புரிஞ்சுப்பாங்க.

என்க்ரிப்ஷனுக்கு ஒரு கீ, அதாவது சாவி மாதிரி ஒரு நீள எண், வெக்கணும். 128 பிட்னா 32 எழுத்து, 256 பிட்னா 64 எழுத்து, 0லேர்ந்து 9, ஏலேர்ந்து எஃப் வரைக்கும்தான் வரும். 1111ன்னு வரிசையா அடிச்சு விடாதீங்க. அதை விட மோசம் ஒரே கீயை எல்லாக் கடைக்கும் போடுறது, ஒரு கடைப் பேனல் ஒருத்தன் கைக்குப் போச்சுன்னா உங்க கஸ்டமர் அத்தனை பேரும் போச்சு. கடைக்குக் கடை வேற கீ. வாட்ஸ்அப்ல ஃபோட்டோ எடுத்து அனுப்பாதீங்க, பாஸ்வேர்டு மேனேஜர்ல போட்டு வைங்க.

இங்கதான் புதுசா வர்றவங்க மாட்டுற இடம் ஒண்ணு இருக்கு. என்க்ரிப்ட் பண்ணின சேதியோட நேரமும் சேந்து போகும், பழைய சேதியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு மறுபடி அனுப்பி ஏமாத்தாம இருக்க. அந்த நேரம் ஜிஎம்டில, அதாவது உலகப் பொது நேரத்துல போகும். ரிசீவரோட கடிகாரத்துக்கு 20 செகண்ட் முன்ன, 40 செகண்ட் பின்ன, அதைத் தாண்டினா வாங்கிக்காது, நாக் (NAK)னு திருப்பி அனுப்பிடும். இப்போ ஒருத்தர் பேனல் கடிகாரத்தைக் கையால நம்ம நேரத்துக்குத் திருப்பிட்டு டைம்ஜோனை 0லயே விட்டுட்டாருன்னு வைங்க, டிஸ்ப்ளேல நேரம் சரியாத்தான் தெரியும், ஆனா போற சேதில இருக்கிற நேரம் 5 மணி 30 நிமிஷம் கூடுதலா காட்டும். என்க்ரிப்ஷன் ஆஃப் பண்ணினா ஓடுது, ஆன் பண்ணினா ஓடலைன்னு தலையைப் பிச்சுக்கிட்டு கடைசியில ஆஃப்லயே விட்டுட்டுப் போயிடுவாங்க. டைம்ஜோன் +5:30 வைங்க, என்டிபி ஆன் பண்ணுங்க, கடிகாரத்தைத் தானா சரி பண்ணிக்கட்டும். நாக் தவிர டியூஹெச் (DUH)னு ஒரு பதில் வந்தா, சேதி வந்துச்சு ஆனா ரிசீவருக்குப் புரியலைன்னு அர்த்தம், அந்தச் சேதி வகையை ரிசீவர் எடுத்துக்குமான்னு ஸ்டேஷன்ல கேளுங்க. (இங்கிலீஷ்ல அது இது கூடத் தெரியாதான்னு நக்கல் பண்ற வார்த்தை, இப்படி ஒரு பேரு வெச்சவர் குசும்புக்காரரா இருக்கணும்.)

க்ளவுட் ஆப் பேனல்னா உங்க கைல பெருசா எதுவும் இல்ல, ஆனா வாங்கும்போதே கேக்கலாம். நெட்ல போற சேதிக்குப் பூட்டு போடுற டிஎல்எஸ் 1.2 இல்ல 1.3 இருக்கா, அந்தப் பக்கம் இருக்கிறது உண்மையான சர்வர்தானான்னு அதோட சர்டிஃபிகேட்டைச் சரி பாக்குதா. எம்க்யூடிடின்னு சின்னச் சின்ன சேதி அனுப்புற ஒரு முறையில ஓடுற பேனல்னா போர்ட் நம்பரே காட்டிக் குடுத்துடும், 8883ன்னா டிஎல்எஸ், 1883ன்னா வழக்கமா மொட்டை.

ஸ்டெப் 4: ஹார்ட்பீட், இதுக்குத்தான் நிறைய நேரம் செலவு பண்ணணும்

கொருக்குப்பேட்டைல ஒரு மளிகைக் கடை அண்ணாச்சி, நெட் அலாரம் போட்டிருக்காரு, வேற வேலையா போனப்ப பேச்சு வந்துச்சு.

"ஆப்ல பச்சையாத்தான் தம்பி இருக்கு, நல்லா ஓடுது."

"கடைசியா எப்போ சேதி வந்துச்சுன்னு அமுக்கிப் பாருங்க அண்ணாச்சி."

அமுக்கினாரு. வியாழக்கிழமை காட்டுச்சு. அன்னிக்கு செவ்வாய்.

தெருவுல பள்ளம் தோண்டினப்ப ஃபைபர் அறுந்து ஆபரேட்டர் வேற லைனுக்கு மாத்தினதுல பேனல் மட்டும் விட்டுப் போயிருக்கு, ஆப் கடைசியா தெரிஞ்ச நிலைமையைப் பச்சையா காட்டிக்கிட்டே உக்காந்திருக்கு. திருடனுக்கு இதை விட வேற என்ன வேணும்? வடசென்னைல சந்துக்குள்ள ஃபைபர் ஒயரெல்லாம் கைக்கு எட்டுற உயரத்துலதான் கொத்து கொத்தா தொங்குது, ஒரு கட்டிங் ப்ளேயர் போதும், எந்த என்க்ரிப்ஷனும் அறுந்த ஒயர்ல போகாது.

அதுக்குத்தான் ஹார்ட்பீட். நான் இருக்கேன், நான் இருக்கேன்னு பேனல் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை வெத்துச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும், டிசி-09ல நல் (NULL)னு பேரு. அது வரலைன்னா ரிசீவர் பக்கம் அலாரம் அடிக்கும். அனுப்புறதுல இல்ல விஷயம், வரலைன்னு கவனிக்கிற ஆள் அந்தப் பக்கம் இருக்கிறதுலதான் விஷயம். அதனால ரெண்டு பக்கமும் செட் பண்ணணும், பேனல்ல எவ்ளோ நேரத்துக்கு ஒண்ணு அனுப்பணும், ரிசீவர்ல எவ்ளோ நேரம் வரலைன்னா கத்தணும். பேனல்ல மட்டும் ஆன் பண்ணிட்டு வந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல.

எவ்ளோ நேரம் வெக்கலாம்? ஐரோப்பாவுல இஎன் 50136ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, அதுல எஸ்பி2 வகைக்கு 25 மணி நேரத்துக்குள்ள லைன் போனது தெரியணும், எஸ்பி3க்கு 30 நிமிஷம், எஸ்பி4க்கு 3 நிமிஷம், எஸ்பி5க்கு 90 செகண்ட். 25 மணி நேரம்னா திருடன் ராத்திரி கடையை ஒழிச்சிட்டுப் போய் மறுநாள் டிபன் சாப்ட்டு முடிச்சிருப்பான். வீட்டுக்கு 30 நிமிஷம் தாங்கும், கடைக்கு 3 நிமிஷம் வைங்க, நகைக் கடை, அடகுக் கடைன்னா 90 செகண்ட். டேட்டா நிறைய போகும்னு பயப்படாதீங்க, ஒரு தடவை போய் வர 300 பைட்னு வெச்சாலும் நிமிஷத்துக்கு ஒண்ணு அனுப்பினா மாசத்துக்கு 13 எம்பிதான்.

ரொம்ப இறுக்கியும் வெக்காதீங்க. நெட் அப்பப்போ ஒரு நிமிஷம் போய்ட்டு வர்ற ஏரியால 90 செகண்ட் வெச்சா ராத்திரி பூரா போன் அடிக்கும், ரெண்டாவது வாரம் நீங்களே ம்யூட் பண்ணிடுவீங்க. ரெண்டு மூணு ஹார்ட்பீட் தொடர்ந்து தவறினா மட்டும் சொல்லுன்னு வைங்க. அலாரம் ஆர்ம் பண்ணின, அதாவது காவலுக்குப் போட்டு வெச்ச நேரத்துல லைன் போச்சுன்னா அதைக் கோளாறு லிஸ்ட்ல போடாம உடைப்புக்குச் சமமா எடுத்துக்கச் சொல்லி ஸ்டேஷன்காரங்ககிட்ட எழுதிக் குடுங்க.

ஸ்டெப் 5: ரெண்டாவது வழி, சிம்

ஃபைபர் போனா சிம் வழியா போகணும். வாங்கும்போது 2ஜி மோடமா 4ஜி மோடமான்னு பாருங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல விலை கம்மியா கிடைக்கிற ஜிஎஸ்எம் பேனல் பல 2ஜி, அதுல ஜியோ சிம் போட்டா உயிரே வராது, ஜியோல 2ஜியே கிடையாது. பேனல் கெட்டுப் போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கோங்க.

ப்ராட்பேண்ட் எந்தக் கம்பெனியோ சிம் அதே கம்பெனி வேணாம், ஒரே இடத்துல அறுந்தா ரெண்டும் சேந்து போக வாய்ப்பு இருக்கு. அடுத்தது ரீசார்ஜ். அலாரம் சிம் பேசாது, அதனால யாருக்கும் ஞாபகம் வராது, வேலிடிட்டி முடிஞ்சு செத்துக் கெடக்கும். ஆட்டோ பேல போடுங்க. நிறைய இடம் பாக்குறவங்க எம்2எம் சிம்மா எடுத்துக்கோங்க, 13 இலக்க நம்பர் வரும், மிஷினுக்குன்னே குடுக்குறது. சிம்முக்கும் தனியா ஹார்ட்பீட் வைங்க, மெயின் லைன் நல்லா இருக்கும்போதே பேக்கப் செத்தது தெரிஞ்சாகணும்.

ஸ்டெப் 6: கரண்ட்

பேனலுக்குள்ள 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இருக்கும், கரண்ட் போனாலும் பேனல் ஓடும், எல்லாரும் அதோட நிம்மதி ஆயிடுறாங்க. ரூட்டர்? அது செத்துப் போச்சுன்னா பேனல் யார்கிட்ட பேசும்? பழைய செம்பு லேண்ட்லைன்ல எக்ஸ்சேஞ்ச்லேர்ந்தே கரண்ட் வந்துச்சு, ஃபைபர்ல கண்ணாடி இழைதான் வருது, கரண்ட் வராது. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மினி யூபிஎஸ் போடுங்க, அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துதான்னு பாத்து வாங்குங்க. அப்பவும் ஒரு ஓட்டை இருக்கு. லோக்கல் ஆபரேட்டர் பக்கத்து மொட்டை மாடில ஒரு ஸ்விட்ச் வெச்சிருப்பாரு, அதுக்கு பேக்கப் இல்லைன்னா உங்க யூபிஎஸ் சும்மா லைட் எரிஞ்சிக்கிட்டு இருக்கும், நெட் வராது. நேரா கேட்டுடுங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல நிறைய ஏரியால கரண்ட், நெட், செல் டவர்னு மூணும் சேந்து போச்சே, அந்த மாதிரி நேரத்துக்கு எந்த செட்டிங்கும் கிடையாது, ஆள் போய்த்தான் பாக்கணும். பேனலையும் ரூட்டரையும் தரையோரம் வெக்காம ஆள் உயரத்துக்கு மாட்டுறது மட்டும் நம்ம கைல இருக்கு, வியாசர்பாடில இருக்கிறவங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்ல.

பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல வலு குறைஞ்சிடும். வெச்ச தேதியை அது மேலயே மார்க்கர்ல எழுதிடுங்க.

ஸ்டெப் 7: அக்கவுண்ட் யார் பேர்ல

போட வர்ற தம்பி அவரோட மெயில் ஐடிலயே அக்கவுண்ட் தொறந்துட்டு உங்களுக்கு ஷேர் மட்டும் குடுத்துட்டுப் போவாரு, அவசரத்துக்கு அப்படித்தான் நடக்குது. அவர் வேலையை விட்டாலும் போனைத் தொலைச்சாலும் உங்க கடைச் சாவி அவர்கிட்டதான் இருக்கும். ஓனர் அக்கவுண்ட் உங்க மெயில்ல, ரெண்டடுக்கு லாகினோட இருக்கணும், போட்டவருக்குத்தான் ஷேர். பேனல் செட்டிங்கை மாத்துற இன்ஸ்டாலர் கோட் கம்பெனி வெச்சதாவே இருந்தா அவர் எதிர்லயே மாத்தச் சொல்லுங்க, அவர் கோச்சுக்க மாட்டாரு.

கடைல வேலை பாக்குற ஒவ்வொருத்தருக்கும் தனிக் கோட். ஒருத்தர் நின்னுட்டா அன்னிக்கே அவர் கோடை எடுத்துடுங்க. மிரட்டல் கோட் ஒண்ணு வைங்க, கத்தியைக் காட்டி ஆஃப் பண்ணச் சொன்னா அதை அடிச்சா அலாரம் சாதாரணமா ஆஃப் ஆகும், ஆனா உள்ளுக்குள்ள 121 போய்டும். ஸ்டேஷன்காரங்க அந்த 121 வந்தா உங்களுக்குப் போன் பண்ணாம நேரா போலீஸுக்குச் சொல்லணும்னு முன்கூட்டியே பேசி வெச்சுக்கோங்க.

ஆப்பை மட்டும் நம்புறவங்க போன் செட்டிங்ஸ்ல பேட்டரி ஆப்டிமைசேஷன்லேர்ந்து அந்த ஆப்பை விலக்குங்க, இல்லைன்னா ராத்திரில போன் அதைத் தூங்க வெச்சுடும். நோட்டிஃபிகேஷனோட போன் காலும் வர்ற மாதிரி வசதி இருந்தா காசு குடுத்தாவது எடுங்க, ரெண்டு மணிக்கு டிங்னு வர்ற சத்தத்துக்கு யார் எழுந்திருப்பா?

ஸ்டெப் 8: அறுத்துப் பாருங்க

போட்டவர் கிளம்புறதுக்கு முன்னாடி, பணம் முழுசா குடுக்குறதுக்கு முன்னாடி, இதெல்லாம் அவர் எதிர்லயே பண்ணுங்க. உங்க போன்ல வைஃபையை ஆஃப் பண்ணி மொபைல் டேட்டால வைங்க, கடை வைஃபைலேயே டெஸ்ட் பண்றது டெஸ்ட்டே இல்ல. அலாரத்தை ஆர்ம் பண்ணிட்டு ஷட்டரைத் தூக்குங்க, சேதி வர எவ்ளோ நேரம்னு பாருங்க. அப்புறம் ரூட்டரை ஆஃப் பண்ணாம அதுக்கு வர்ற ஃபைபரை மட்டும் கழட்டுங்க, வைஃபை லைட் எரியும் ஆனா நெட் இருக்காது, பல பேனல் இந்த நிலைமைலதான் ஏமாந்து நிக்கும், சிம்முக்கு மாறுதான்னு பாருங்க. அந்த நிலைமைலேயே மறுபடி ஷட்டரைத் தூக்குங்க. அடுத்து சிம்மையும் எடுத்துடுங்க, இப்போ பேனலுக்குப் பேச வழியே இல்ல, நீங்க வெச்ச 3 நிமிஷமோ 90 செகண்டோ, அதுக்குள்ள லைன் போச்சுன்னு போன் வரணும். வரலைன்னா ஸ்டெப் 4 நடக்கல, எல்லாத்தையும் திருப்பிச் சொருகிட்டு அவரையே உக்காந்து முடிக்கச் சொல்லுங்க. கடைசியா எல்லாத்தையும் திருப்பிச் சொருகிட்டு மெயின் ஸ்விட்சை இறக்கி ஒரு மணி நேரம் விடுங்க, பேனலும் நெட்டும் தாங்குதான்னு பாருங்க.

இதே டெஸ்ட்டை மாசம் ஒரு தடவை, மழைக்கு முன்னாடி புரட்டாசில ஒரு தடவை கூடுதலா பண்ணுங்க. பண்றதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்குச் சொல்லிடுங்க, இல்லைன்னா போலீஸ் வந்து நிக்கும். பேனல் மூடிக்கு உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டுங்க: அக்கவுண்ட் நம்பர், எந்த ஜோன் எந்தக் கதவு, சிம் நம்பர், ரீசார்ஜ் தேதி, பேட்டரி மாத்தின தேதி, ஸ்டேஷன் போன் நம்பர். கீயையும் கோடையும் மட்டும் அதுல எழுதிடாதீங்க.